கனியும் மலரும் தீட்டுவோம்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் நம் உரிமைகளைப் பற்றியும் அறிஞர் பலர் இவ்வரங்கில் பேசியுள்ளனர். நமக்கு அளிக்கப்பட்ட பொருள் ஓவியக் கலை. அதிலும் பழங்களையும் பூக்களையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டும் ஓவியத்தைப் பற்றியே பேச எண்ணுகிறோம். "வயிற்றுப்பாட்டிற்கே போராடும் சமுதாயத்திற்குப் பழமும் பூவும் வரைவதால் என்ன பயன்?" என்னும் வினா உங்களுள் சிலருக்கு எழலாம். அது நியாயமான வினாவே. பிள்ளை படம் வரைந்தால் "இது சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோர் பலரை நாம் அறிவோம். அவர்களுக்கு விடை கூறும் கடமை நமக்கு உண்டு.

ஓவியத்திலும் ஒரு படிவரிசை

மேசையின்மீது பழம், மலர், பாத்திரம் முதலியவற்றை அடுக்கி வைத்து, அவற்றை நேரில் கண்டு தீட்டும் ஓவியத்தை ஆங்கிலத்தில் 'ஸ்டில் லைஃப்' என்பர். நாம் அதனை நிலைப்பொருள் ஓவியம் என்று வழங்குவோம்.

இவ்வகை ஓவியத்திற்கு ஒரு வரலாறு உண்டு. பிரான்சு நாட்டில் 1648ஆம் ஆண்டில் அரச ஓவியக் கழகம் தோன்றிற்று. அக்கழகத்தில் 1667ஆம் ஆண்டில் நிகழ்ந்த சொற்பொழிவுகளுக்கு முன்னுரை எழுதிய ஃபெலிபியன் என்பார், ஓவியங்களை உயர்வு தாழ்வு வகுத்து ஒரு வரிசையில் நிறுத்தினார். வரலாற்று நாயகர்களையும் தெய்வக் கதைகளையும் தீட்டுவோன் உச்சியில் இருந்தான். அவனுக்குக் கீழே மனித உருவம் தீட்டுவோன், அவனுக்குக் கீழே உயிருள்ள விலங்குகளைத் தீட்டுவோன், அதற்கும் கீழே இயற்கைக் காட்சி தீட்டுவோன் என்று படிகள் இறங்கின. பழமும் பூவும் சிப்பியும் தீட்டுவோன் அடிமட்டத்தில் வைக்கப்பட்டான்.

படிப்படியாக உயர்வு தாழ்வு வகுப்பது எத்தகையது என்பதை நம் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் அந்த அடிப்படியில் யார் யார் வந்து அமர்ந்தனர், அங்கிருந்து அவர்கள் என்ன செய்தனர் என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

பாரிசில் ஒரு தச்சரின் மகனாக 1699ஆம் ஆண்டில் பிறந்தவர் ஷார்தான். 1728ஆம் ஆண்டில் அக்கழகம் அவரை 'விலங்குகளும் பழங்களும் தீட்டுவோர்' என்னும் பெயரிலேயே உறுப்பினராக ஏற்றது. அவர் 1761ஆம் ஆண்டில் காட்சிக்கு வைத்த ஒரு சிறு ஓவியத்தில் இருப்பவை ஒரு கூடைக் காட்டு ஸ்ட்ராபெரிப் பழங்கள், ஒரு கண்ணாடிக் குவளை நீர், இரண்டு வெள்ளை மலர்கள், இன்னும் இரண்டு மூன்று கனிகள். அவ்வளவே. அவ்வோவியம் 2022ஆம் ஆண்டில் ஏலத்தில் 2 கோடியே 40 லட்சம் யூரோவிற்கும் மேல் விலை போயிற்று. அது நாட்டை விட்டுப் போகலாகாது என்று பிரான்சு நாட்டு மக்கள் நன்கொடை திரட்டி உதவ, 2024ஆம் ஆண்டில் லூவர் அருங்காட்சியகம் அதனைத் தனதாக்கிக்கொண்டது. கடைசிப் படி என்று ஒதுக்கப்பட்ட பொருளுக்குக் கிடைத்த இடம் இது.

மற்றொருவர் ஹாலந்து நாட்டு அம்மையார் ரேச்சல் ராய்ஸ் (1664–1750). ஆடையற்ற மனித உடலை நேரில் கண்டு வரையும் பயிற்சி அக்காலத்தில் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அப்பயிற்சி இன்றேல் வரலாற்று ஓவியம் இல்லை. வரலாற்று ஓவியம் இன்றேல் முதல் வரிசை இல்லை. திறந்திருந்த கதவு பூக்களின் கதவு ஒன்றே. அதன் வழியே நுழைந்த அந்த அம்மையார் பத்துப் பிள்ளைகளைப் பெற்றெடுத்தவாறே தீட்டினார். 1708ஆம் ஆண்டில் ஜெர்மானிய மன்னர் ஒருவரின் அரசவை ஓவியரானார்.

சார்லஸ் ஈதன் போர்ட்டர்

இன்று உங்களுக்கு நாம் சிறப்பாக அறிமுகப்படுத்த விரும்புபவர் இவர்களுள் எவரும் அல்லர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில், 1847ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த சார்லஸ் ஈதன் போர்ட்டர் என்னும் கறுப்பின ஓவியரே அவர். 1848ஆம் ஆண்டில்தான் அம்மாநிலத்தில் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால், அவர் எத்தகைய காலத்தில் கண் விழித்தார் என்பது விளங்கும்.

உழைத்துப் பிழைக்கும் ஏழைக் குடும்பம். ராக்வில் என்னும் ஆலை நகரில் வளர்ந்தார். பள்ளிக் கல்வியை முடித்து, 1869ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தேசிய ஓவியக் கழகத்தில் சேர்ந்தார். அங்குப் பயின்ற முதற் கறுப்பினத்தவருள் அவரும் ஒருவர். 1873ஆம் ஆண்டு வரை அந்நகரில் பயின்றார். அதே 1873ஆம் ஆண்டில்தான் மகாத்மா ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' என்னும் தம் நூலை வெளியிட்டு, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கு அதனைக் காணிக்கையாக்கினார். கடல் கடந்த அம்மக்களின் விடுதலையை நம் முன்னோர் தம் விடுதலையின் முன்னோடியாகக் கண்டனர். ஆகவே போர்ட்டரின் வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று.

போர்ட்டர் ஆப்பிளும் செர்ரியும் தீட்டினார். ரோசாவும் பியோனி மலர்களும் தீட்டினார். ஹார்ட்ஃபோர்டில் ஓவியக்கூடம் அமைத்தார். அந்நாட்டின் பெரும் இயற்கைக் காட்சி ஓவியரான ஃபிரெடரிக் சர்ச் அவருடைய வண்ணத் திறனைப் பெரிதும் பாராட்டினார். 1881ஆம் ஆண்டில் தம் ஓவியங்களை ஏலத்தில் விற்றுப் பொருள் திரட்டி, மேற்பயிற்சிக்காகப் பாரிசு சென்றார். புகழ்பெற்ற எழுத்தாளர் மார்க் ட்வெயின் அவருக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

1884ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய பின் அவருடைய நிலை மெல்ல மெல்லத் தாழ்ந்தது. வாங்குவோர் குறைந்தனர். நிறவெறியோ தணியவில்லை. இறுதிக் காலத்தில் ராக்வில்லில் வீடு வீடாகச் சென்று ஓவியங்களை விற்றும், வேண்டிய பொருள்களுக்கு மாற்றாகக் கொடுத்தும் வாழ்ந்தார். 1923ஆம் ஆண்டில் வறுமையில் மறைந்தார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற நாள்களில், பக்கத்து மாநிலத்தில் அம்முதியவர் உயிரோடு இருந்தார் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கிறது.

உடைந்த தர்ப்பூசணி

போர்ட்டரின் ஓவியம் ஒன்று இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1890ஆம் ஆண்டளவில் தீட்டப்பட்டது. 'உடைந்த தர்ப்பூசணி' என்பது அதன் பெயர். பெரிய பழமொன்று உடைந்து கிடக்கிறது. சிவந்த சதையில் சாறு மின்னுகிறது; ஆங்காங்கே கறுத்த விதைகள்.

இதில் என்ன சிறப்பு என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் அடிமைத்தளை நீங்கிய பின், கறுப்பின மக்கள் பலர் தர்ப்பூசணி பயிரிட்டு, விற்று, உண்டு, தம் காலில் நின்றனர். அதனைப் பொறுக்க மாட்டாத வெள்ளையருள் ஒரு சாரார் அப்பழத்தையே ஏளனத்தின் சின்னமாக்கினர். தர்ப்பூசணியைக் கடித்துக்கொண்டு பல்லிளிக்கும் கறுப்பரின் கேலிச் சித்திரங்கள் அஞ்சலட்டைகளிலும் விளம்பரங்களிலும் நாடெங்கும் பரவின. ஒரு மக்களின் உணவைக் காட்டி அம்மக்களை இழிவு செய்யும் வழக்கம் அங்கும் இருந்தது. இதற்கு மேல் இவ்வரங்கில் நாம் விளக்க வேண்டியதில்லை.

அத்தகைய காலத்தில் ஒரு கறுப்பின ஓவியர் அதே பழத்தை எடுத்து மேசைமீது வைத்தார். அருகே மனிதர் எவரையும் வைக்கவில்லை. கேலிக்கு இடமே தரவில்லை. ஷார்தான் தம் கூடைப் பழங்களைப் பார்த்த அதே மதிப்போடு பார்த்து, கண்ணுக்கு விருந்தாகத் தீட்டி முடித்தார். அவர் மனத்தில் என்ன எண்ணினார் என்று நாம் கூற இயலாது. ஆனால் அவ்வோவியத்தின் முன் நிற்பவர் எவராயினும் அப்பழத்தின் அழகையே காண்பர். ஏளனம் அவருக்கு நினைவில் வந்தாலும் அது நாணி ஒதுங்கும்.

நம் மொழியில் 'தீட்டு' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள். ஒன்றால் நம்மை ஒதுக்கினர். மற்றொன்றை நாம் கையில் எடுப்போம்.

செய்முறை பற்றிச் சில சொற்கள்

இளைஞர்களே! இக்கலையைக் கற்பது எப்படி என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம்.

எண்ணெய் வண்ணம் என்பது வண்ணப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. நீர் வண்ணம் நீர் வற்றி உலரும். எண்ணெய் வண்ணமோ காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று இறுகும். ஆகவே மேற்புறம் உலரவே பல நாள் ஆகும். அடிவரை இறுகப் பல மாதம் ஆகும். இது குறையன்று, வசதியே. நேற்று இட்ட வண்ணத்தை இன்று திருத்தலாம். துடைத்துவிட்டு மீண்டும் இடலாம். ஒரு வண்ணத்தை மற்றொன்றோடு மெல்லக் கலக்கலாம்.

முதலில் பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். விலையுயர்ந்தவை வேண்டா. பாதி அரிந்த பப்பாளி, இரண்டு கொய்யா, செம்புப் பாத்திரத்தில் நான்கு செம்பருத்தி ஆகியவை போதும். ஒரு பொருள் பெரியதாகவும் மற்றவை சிறியவையாகவும் இருக்கட்டும். ஒளி ஒரே பக்கத்திலிருந்து வருமாறு சன்னலருகே வையுங்கள். நான்கு திசையிலிருந்தும் ஒளி விழுந்தால் உருண்டைப் பழமும் தட்டையாகத் தோன்றும்.

வண்ணத்தைத் துணியின்மீது நேரே இடலாகாது. எண்ணெய் ஊறினால் நாளடைவில் துணி இற்றுப்போகும். கித்தானாயினும் அட்டைப் பலகையாயினும் கடைகளில் கிடைக்கும் வெள்ளைப் பூச்சை இருமுறை பூசி உலரவிடுங்கள். வெள்ளை, மஞ்சள், மஞ்சட்காவி, சிவப்பு, நீலம், பழுப்பு ஆகிய ஆறு குழாய்கள் தொடக்கத்திற்குப் போதும்.

பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துத் தளம் முழுதும் பூசி, ஒளி விழும் இடங்களைத் துணியால் துடைத்தெடுங்கள். கண்களைச் சற்றே இடுக்கிப் பார்த்தால் சிறு விவரங்கள் மறைந்து, ஒளியும் நிழலும் மட்டும் தோன்றும். அவற்றை முதலில் பிடியுங்கள்.

அதன்பின் பூக்களைத் தீட்டுங்கள். பழம் நாலைந்து நாள் காத்திருக்கும்; பூ காத்திராது. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆர்ல் நகரில் சூரியகாந்தி மலர்களைத் தீட்டிய வான்கோ, அவை விரைவில் வாடிவிடும் என்பதால் கதிரவன் எழும்போதே பணியைத் தொடங்கியதாகத் தம் கடிதத்தில் எழுதியுள்ளார். ஓவியர் செசானோ மிக நிதானமானவர். அவர் முடிப்பதற்குள் பூ வாடிவிடும் என்பதால் காகிதப் பூக்களை வைத்துத் தீட்டியதும் உண்டு. விரைவும் சிறந்ததே, நிதானமும் சிறந்ததே. அவரவர் இயல்பை அவரவர் கண்டுகொள்ள வேண்டும்.

அடுக்கடுக்காகத் தீட்டும்போது ஒரு விதியை மறவாதீர். அடியில் எண்ணெய் குறைந்த வண்ணம், மேலே எண்ணெய் மிகுந்த வண்ணம். இம்முறை மாறினால் மேற்பூச்சு முன்னரே இறுகிவிட, கீழ்ப்பூச்சு பின்னர் உலர்ந்து அசைய, ஓவியம் வெடித்துப்போகும். அடித்தளம் உறுதியாகுமுன் மேல்தளம் இறுகலாகாது என்பது கட்டடத்திற்கும் பொருந்தும், சங்கத்திற்கும் பொருந்தும்.

நிழல் என்றவுடன் கறுப்பை எடுக்காதீர். மஞ்சள் பழத்தின் நிழலில் ஊதாச் சாயலும், சிவந்த பழத்தின் நிழலில் பச்சைச் சாயலும் இருப்பதைக் கூர்ந்து பார்த்தால் காண்பீர்கள். சிவப்பின் அருகே பச்சையை வைத்தால் இரண்டும் ஒளிரும். தர்ப்பூசணியின் தோலும் சதையும் இயற்கையே வைத்துக் காட்டிய பாடம்.

உணர்ச்சி எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். பழத்தைப் பழம்போலவே படியெடுப்பதற்குப் புகைப்படக் கருவி போதும். எதனை அழுத்திச் சொல்வது, எதனை விட்டுவிடுவது என்று நீங்கள் முடிவு செய்யும் இடத்தில்தான் உங்கள் உள்ளம் ஓவியத்துள் நுழைகிறது. தூரிகையைத் தயக்கமின்றி அழுத்தி இட்ட ஒரு கோடு, வான்கோவின் மலர்களைப்போல் தடித்து எழுந்து நிற்கலாம். நடுவிலுள்ள கனியை மட்டும் தெளிவாகத் தீட்டி, மற்றவற்றை நிழலில் கரைய விடலாம். தாய் சந்தையில் விற்கும் கொய்யாவையும், தந்தை சுமந்த பலாவையும் தீட்டும் பிள்ளையின் கையில் தானாகவே ஓர் அழுத்தம் பிறக்கும். அதனை எந்தக் கல்லூரியும் கற்பிக்க இயலாது.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். டர்பன்டைன் ஆவி கெடுதி பயக்கும். சன்னலைத் திறந்து வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றும். அத்துணிகளைத் தண்ணீர் நிறைந்த மூடிபோட்ட தகரத்தில் இடுங்கள். வண்ணக் கையோடு உண்ணாதீர்.

சங்கத்தின் கடமை

"சோறு போடுமா?" என்னும் வினாவிற்கு வருவோம். சென்னையில் 1850ஆம் ஆண்டில் தொடங்கிய ஓவியப் பள்ளி இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகிறது. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி உண்டு. அங்குப் பயின்றோர் ஓவிய ஆசிரியராகலாம். அச்சிலும் விளம்பரத்திலும் திரைப்படத்திலும் பணிபுரியலாம். இந்த வாயில்களை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோர் குறைவு. ஆனால் எல்லாருக்கும் சோறு போடும் என்று நாம் பொய்யுரைக்க மாட்டோம். போர்ட்டரின் வாழ்வே சான்று.

அவ்வாழ்வை உற்று நோக்குங்கள். அவருக்குத் திறமை இருந்தது. முறையான பயிற்சி இருந்தது. உழைப்பு இருந்தது. பெரிய மனிதர் ஒருவரின் பாராட்டும் மற்றொருவரின் கடிதமும் இருந்தன. அவரைக் கடைசிவரை தாங்கி நிற்கும் ஓர் அமைப்பு மட்டும் இல்லை. தனி மனிதரின் பரிவு பருவ மழை; வரும், போகும். அமைப்பு என்பது ஏரி. மழையைத் தேக்கி வைத்துக் கோடையில் கொடுக்கும். போர்ட்டர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து, 2008ஆம் ஆண்டில், அவருடைய ஓவியங்கள் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் மிகுந்து வாழும் ஹார்லெம் பகுதியின் ஓவிய அருங்காட்சியகத்தில் காட்டப்பட்டன. அவ்வருங்காட்சியகம் 1968ஆம் ஆண்டில் கறுப்பினக் கலைஞர்களுக்கென்றே தோன்றியது. அப்படியோர் அமைப்பு அவர் வாழ்ந்த நாளில் இருந்திருந்தால் அம்முதியவர் படங்களைச் சுமந்து தெருத்தெருவாக நடந்திருக்க மாட்டார்.

ஆகவே இந்த வெள்ளி விழா நாளில் சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, நம் மாலை நேரப் படிப்பகத்தில் வாரம் ஒரு நாள் ஓவியத்திற்கென ஒதுக்குக. தாளும் கரிக்கோலும் நீர் வண்ணமும் சங்கச் செலவில் இருக்கட்டும். தேர்ந்தவர்க்கு எண்ணெய் வண்ணம் கொடுக்கலாம். இரண்டு, ஆண்டுதோறும் அண்ணல் பிறந்த நாளில் நம் பிள்ளைகளின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து, வசதியுள்ள உறுப்பினர் ஆளுக்கு ஒன்றேனும் விலை கொடுத்து வாங்குக. இலவசமாகக் கேட்கலாகாது, விலை கொடுப்பதே மதிப்பு. மூன்று, சிறந்தவற்றைச் சட்டமிட்டுச் சங்கக் கட்டடத்தின் சுவரிலேயே மாட்டிப் பாதுகாத்திடுக. தன் அக்காவோ அண்ணனோ தீட்டிய ஓவியத்தின்கீழ் அமர்ந்து படிக்கும் குழந்தைக்கு "இது நமக்கு ஆகாது" என்னும் எண்ணமே தோன்றாது.

மாணவர்களே! உங்களை எவரேனும் கடைசி வரிசையில் அமர்த்தினால் அது அவர் வகுத்த வரிசை. ஷார்தானும் ராய்ஸ் அம்மையாரும் போர்ட்டரும் அமர்ந்த இடமும் அதுவே. உங்கள் வீட்டில் உள்ள கனியை எடுங்கள். முற்றத்தில் பூத்த மலரைப் பறியுங்கள். ஒளி விழும் இடத்தில் வைத்து, உங்கள் கண்ணால் நெடுநேரம் பாருங்கள். பிறகு அஞ்சாமல் தீட்டுங்கள். வாங்கி மாட்டுவதற்கு நாங்கள் இருக்கிறோம் என்று பெரியோர் சார்பில் நாம் உறுதி கூறுகிறோம். அவ்வுறுதியைக் காப்பாற்றுவது இங்கு அமர்ந்துள்ள நம் அனைவர் கையிலும் உள்ளது.